டோலியில் இரண்டு ஆள் கனம்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் கடுப்பு வரும். குரோம்பேட்டை பக்கம் எங்கள் அஸ்தினாபுரத்தில் கரண்ட் போனால் போதும், தெருவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். நான் எழுந்து உள்ளே போய்ப் புழுக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன்தான் இப்போது உங்களிடம் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், உச்சி வெயிலில், கூட்டம் இருக்கிற மலைக்கோவிலில்.

நான் எடை போட்டுப் பிழைத்தவன். ஜி.எஸ்.டி. ரோட்டில், மறைமலை நகருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வே-பிரிட்ஜில் வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும், உள்ளே முள் நகரும், நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். லோடோடு ஒரு எடை, காலி வண்டி ஒரு எடை, கழித்தால் சரக்கு. இதில் ஒரு பழைய திருட்டு உண்டு. லோடு எடை போடும்போது க்ளீனர் ஜல்லி மேல் தார்ப்பாய்க்குள் படுத்துக்கொள்வான், காலி எடைக்கு இறங்கிவிடுவான். அவன் உடம்பும் ஜல்லிக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று ஒரு தடவை கத்துவேன், பிறகு நானே மேடையில் ஏறி, கேபினைப் பார்த்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் பேனாவை வைப்பேன். டிரைவர்கள் என்னைத் திட்டாத திட்டு கிடையாது.

அந்த வேலையில் இருந்து இருந்து எனக்கு ஒரு வித்தை வந்திருந்தது. ஆளைப் பார்த்தால் எடை சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டிச் சொல்வேன், ஒரு கிலோ இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். சரிபார்க்கத் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எடை மிஷின் இருந்தது. காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றி, கெட்டி அட்டையில் ஒரு சீட்டு விழும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். நானும் என் தம்பி பாபுவும் தாம்பரம் போகும்போதெல்லாம் ஏறுவோம். நான் அறுபத்திரண்டு, அவன் ஐம்பத்தைந்து.

பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயது இளையவன். அப்பா போன பிறகு படிப்பு ஏறவில்லை என்று என்னோடு வே-பிரிட்ஜுக்கே கூட்டிக்கொண்டு போனேன். சேர்ந்த முதல் மாதமே, மேடையைச் சரிபார்க்க வைத்திருக்கும் இருபது கிலோ எடைக்கல்லை வலது கால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டான். நகம் விழுந்து, திரும்ப முளைத்தபோது கோணலாக, கறுப்பாக, பாதி நகமாக முளைத்தது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத்தான் முறைப்பாள்.

ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது பாபு தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமலே ஒரு லாரிக்குச் சீட்டு எழுதிவிட்டான். நான் திரும்பி வரும்போது உள்ளேயிருந்து க்ளீனர் சிரித்துக்கொண்டே இறங்குகிறான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. பத்து டிரைவர்கள் பார்க்க அவனைக் கன்னத்தில் அறைந்தேன். "துணியத் தூக்கிப் பார்க்கக்கூட வக்கில்லாத நீயெல்லாம் எதுக்குடா? எங்கனா போய்த் தொலை" என்றேன். அவன் சீட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சைக்கிள் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வருடம். அம்மா அவன் செத்துவிட்டான் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டு புதுப்பிக்கும்போதெல்லாம் சண்டை. பேரை எடுத்துவிடலாம் என்பேன். "உன் பேர எடு, அவன் பேர் இருக்கட்டும்" என்பாள். கார்டில் அவன் பேருக்கும் சேர்த்து வரும் சர்க்கரையைத் தனி டப்பாவில் போட்டு வைப்பாள், யாரும் தொடக்கூடாது.

என் மனைவி கமலாவுக்கு அதற்குள் இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவது தடவை உண்டாகியிருந்தாள், மூன்று மாதம். அவள் வீட்டுப் பக்கத்து ஜனங்கள், போனவனுக்குக் காரியம் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள், எள்ளும் தண்ணீரும் இல்லாமல் அலைகிறான், அதனால்தான் தங்கமாட்டேன் என்கிறது என்று போட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் கமலா பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நாள் இருக்க முடியும். பன்னிரண்டு வருடம் தகவல் இல்லை என்றால் செத்தவனாக வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்பது வழக்கம்தானே. அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

அவள் சொன்னாள்: "என்னைக் கழுக்குன்றம் கூட்டிக்கினு போ. கழுகு வந்து சாப்டுச்சுன்னா எம்புள்ள உயிரோட கீறான். வரலைன்னா நீ சொல்றத கேக்கறேன்."

திருக்கழுக்குன்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலை மேல் வேதகிரீஸ்வரர், தினமும் உச்சிவேளையில் கழுகு வந்து பாறையில் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். என் சின்ன வயதில் இரண்டு வரும். நான் சொல்லும் காலத்தில், தொண்ணூறுகள் ஆரம்பம், ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது, அதுவும் சில நாள் வராது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கணக்கு, அது வராமல் இருக்க வேண்டும். கூடப்பிறந்த தம்பி செத்ததாக ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோவிலுக்குப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாபு போன எட்டாம் நாள், ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வே-பிரிட்ஜுக்கு வந்தார். பெருங்களத்தூர் தாண்டித் தண்டவாளத்து ஓரம் ஒரு பையன் உடம்பு கிடைத்திருக்கிறது, வயசு சரியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். வீட்டில் சொல்லாமல் போனேன். சவக்கிடங்கில் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிந்தது, இடது கால். வலது கால் துணிக்குள் இருந்தது. ஒரு ஜாண் துணியைத் தூக்கியிருந்தால் கட்டைவிரல் தெரிந்திருக்கும். "எடுத்துப் பாருங்க" என்றார் அங்கிருந்தவர். என் கை போகவில்லை. அம்மா முகம் ஞாபகம் வந்தது, நான் அறைந்த கை ஞாபகம் வந்தது. "இல்ல சார், எங்க ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். கேட்க ஆளில்லாத உடம்பு என்று அவர்களே அடக்கம் செய்திருப்பார்கள். அது பாபுவா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை மத்தியானம் கமலாவைப் பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் கிளம்பினோம். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தபோது, அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று எடை மிஷினில் ஏற்றினேன். நாற்பத்திரண்டு. சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செங்கல்பட்டில் இறங்கிப் பஸ் பிடித்தோம். இருட்டுவதற்குள் கீழ்க்கோவிலைப் பார்த்துவிட்டு, சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை, கொசுதான் பிய்த்து எடுத்தது.

காலை பத்து மணிக்கு மலையடிவாரம் வந்தோம். ஐந்நூறுக்கு மேல் படி, அம்மாவுக்கு மூட்டு வலி, அதனால் டோலி பேசினோம். மூங்கிலில் ஒரு பிரம்பு நாற்காலியைக் கட்டி முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் சுமந்து போவார்கள். முன்னால் தூக்குகிறவர் பெயர் ஏழுமலை, நரைத்த மீசை, தோளில் கழி அழுத்தி அழுத்திக் காய்ப்பு. பின்னால் அவர் மைத்துனர். ஏழுமலை அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "நாப்பது இருக்குமா சார்?" என்றார். தொழில்காரர் என்று எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினேன். "நாப்பத்திரண்டு, பிரிண்டே கீது பாரு மச்சான்" என்று மைத்துனரிடம் காட்டிச் சிரித்தார்.

தூக்கினார்கள். ஒரு இருபது படி ஏறியிருப்பார்கள், ஏழுமலை நின்றுவிட்டார். இறக்கி வைத்து, கழியின் கட்டைப் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் பார்த்தார். திரும்பத் தூக்கினார்கள். ஐம்பதாம் படியில் திரும்ப இறக்கினார்கள். நான் எரிச்சலோடு கேட்டேன், இப்படி இறக்கி இறக்கிப் போனால் பன்னிரண்டு மணிக்குள் மேலே போக முடியுமா என்று.

"நீ சுளுவா சொல்லிட்டே சார்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "முப்பது வருஷமா தூக்கறேன். கல்யாணப் பொண்ணு தூக்கியிருக்கேன், குண்டு சேட்டு தூக்கியிருக்கேன். இது நாப்பத்திரண்டு இல்ல. இது ரெண்டு ஆளு கனம்."

"பேஜார் பண்ணாதீங்க, கண்ணு முன்னாடி ஒரு ஆள்தானே உக்காந்திருக்காங்க" என்றேன்.

"அதான் சார் சொல்றேன். அம்மா அசையாம குந்திக்கினு கீறாங்க. ஆனா கனம் அசையுது. உள்ள ஒரு ஆளு திரும்பித் திரும்பி உக்கார்றாப்ல கீது."

பின்னால் நின்ற மைத்துனர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. எடை விஷயத்தில் எனக்கே கதை சொல்கிறார்களே என்று. "தள்ளுங்க, நான் பார்க்கறேன்" என்று பின்னால் போய்க் கழியை என் தோளில் வாங்கினேன்.

நாற்காலியும் கழியும் எட்டுக் கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நாற்பத்திரண்டு. மொத்தம் ஐம்பது, என் தோளுக்குப் பாதி, இருபத்தைந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. என் தோளில் இருந்தது ஐம்பதுக்கு மேல். எனக்கு அதில் தப்பு வராது. மொத்தம் நூற்றைந்து. அதில் அம்மாவையும் நாற்காலியையும் கழித்தால் மிச்சம் ஐம்பத்தைந்து. கணக்குப் போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, தொழில் பழக்கத்தில் மனசு தானாகப் போட்டுவிட்டது. தாம்பரம் மிஷினில் பாபுவுக்கு விழும் எண்.

அப்போதுதான் அம்மாவின் முதுகைப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்காராமல், விளிம்பில், பின்னால் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் கூட வருகிறவர்களுக்கு இடம் கொடுத்து உட்காருகிறோமே, அப்படி. "சாஞ்சு உக்காரும்மா, விழுந்துடப் போற" என்றேன். அவள் திரும்பாமலே "எடம் இல்லடா" என்றாள்.

கழியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் நான் தொடவில்லை. ஏழெட்டு இடத்தில் இறக்கி இறக்கி, எப்படியோ பதினொன்றரைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அம்மா இறங்கியதும் ஏழுமலை கழியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். வெறும் நாற்காலி, லேசாக வந்தது. "சாமி மேல கீது சார், நல்லா கும்புட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

சாமி பார்த்தோம். பிறகு கழுகுப் பாறைக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தோம். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், குழந்தைகள், வெளியூர்க்காரர்கள், ஒரு ஸ்கூல் வாத்தியார் கூட்டம். கழுகுக்குப் படைக்கிறவர் பாறை மேல் பொங்கல் பாத்திரத்தோடு உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டேகால். எல்லோரும் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன், வராதே வராதே என்று. அம்மா மட்டும் வானத்தைப் பார்க்கவே இல்லை. கிழக்கே கீழே குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டரைக்குப் படைக்கிறவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இன்றைக்கு வராது என்று கூட்டம் கலைந்தது.

நான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "வரலியேம்மா" என்றேன்.

"வராதுன்னு ஏறும்போதே தெரியும்" என்றாள். அழவில்லை, குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "என் முதுகுல தலைய வச்சுக்கினு வந்தான். சின்னப் புள்ளைல சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வருவானே, அதே மாதிரி."

வெயில், வயசு, நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்குத் துணிய எடுத்து மூஞ்சிய பார்த்தியாடா?"

சவக்கிடங்குக்குப் போனது எனக்கும் அங்கே இருந்தவர்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கமலாவுக்குத் தெரியாது. தூக்கத்தில் பேசுகிற பழக்கம்கூட எனக்குக் கிடையாது. "எந்தத் துணிம்மா?" என்றேன்.

"அவன்தான் சொன்னான். 'அண்ணன் துணியத் தூக்கவே இல்லம்மா. ஒரு கால மட்டும் பார்த்துட்டுப் போயிட்டான்'னு சொன்னான். கோவமா சொல்லல. சும்மா சொல்ற மாதிரி சொன்னான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தச் சுடுபாறையில் முகத்தை முட்டிக்குள் புதைத்துக்கொண்டு, "பார்க்கலம்மா, பயமா இருந்துச்சு, பார்க்கலம்மா" என்று சொல்லி அழுதேன். முப்பத்தேழு வயது ஆள், நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பன்னிரண்டு வருடம் அவளைக் காத்திருக்க வைத்தவன் நான்தான். அன்று ஒரு ஜாண் துணியைத் தூக்கியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள், சர்க்கரை டப்பா வைத்திருக்கமாட்டாள். அதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், கொஞ்ச நேரம் கழித்து "சரி, எழுந்திரு, போலாம்" என்றாள்.

இறங்கும்போது டோலி பறந்தது. ஒரு இடத்தில்கூட இறக்கவில்லை. அம்மா நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அடிவாரத்தில் ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப நாப்பத்திரண்டு, கரெக்ட்டு" என்றார். பிறகு தயங்கிக்கொண்டு, "நீ ஏன் சார் இப்டி குனிஞ்சிகினு இறங்கறே? முதுகு புடிச்சிக்கிச்சா?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் குனிந்து நடப்பது எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கினோம். மிஷின் விளக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஏறியிருக்கவே கூடாது. ஆனால் எடை போடுகிறவன் புத்தி, சந்தேகம் வந்தால் மேடையில் ஏறாமல் இருக்காது. சீட்டு விழுந்தது. நூற்றுப் பதினேழு. திருப்பிப் பார்த்தேன், மறுபக்கத்தில் "உங்களுக்கு நல்ல துணை அமையும்" என்று இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள், ஆனால் எண் தெரியும். என் தோளில் கையை வைத்து, அப்புறம் எதையோ தெரியாமல் தொட்டுவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள்.

மிஷின் கெட்டிருக்கலாம், நீங்கள் அதைத்தான் நினைக்கிறீர்கள், நானும் அதையே நினைத்தேன். திங்கட்கிழமை வே-பிரிட்ஜில் முதல் லாரி வருவதற்கு முன்னால், கூட வேலை பார்க்கும் டேவிட்டை உள்ளே முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு மேடையில் எடைக்கற்களை அடுக்கினேன். சரியாகக் காட்டியது. கற்களை எடுத்துவிட்டு டேவிட்டை நிற்க வைத்து நான் பார்த்தேன், எழுபது, சரி. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், நான் நின்றால் எப்போதும் அறுபது. அன்று நான் ஏறி நின்றதும் டேவிட் உள்ளேயிருந்து கத்தினான்: "அண்ணா, இன்னும் யாரோ நிக்கிறாங்க பாருங்க, நூத்தி இருபது காட்டுது. எல்லாரும் இறங்கியாச்சா?"

நான் தினமும் கேட்கிற கேள்வி. திரும்பிப் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

அந்த மாதமே காரியம் செய்தோம். உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, புதுத்துணி போர்த்தி, அதைத்தான் கொளுத்த வேண்டும் என்றார் ஐயர். கொளுத்துவதற்கு முன்னால், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்கப்படி சொன்னார். அம்மா போய்க் குனிந்து, துணியை விலக்கி, அந்தப் புல்லை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டாள். வெறும் புல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் பார்க்க முடியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டே கொள்ளி வைத்தேன்.

அடுத்த வாரம் அம்மாவே ரேஷன் ஆபீசுக்கு வந்து, பாபு பெயரை எடுக்கச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். டப்பாவிலிருந்த சர்க்கரையை எடுத்துக் கமலாவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள். கர்ப்பம் தங்கியது. பெண் குழந்தை பிறந்தது. அம்மா இன்னும் ஆறு வருடம் இருந்தாள், இருந்தவரை நன்றாகத் தூங்கினாள். அவள் பாட்டுக்கு மலையில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றும். எனக்குத்தான் சைக்கிளில் பின் டயர் மாதத்துக்கு ஒன்று தேய்ந்தது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வலது தோளில் யாரோ தலை சாய்த்தது போல இருக்கும். நம்பினால் நம்புங்கள், அது பழகிப்போய், சில நாள் இல்லாவிட்டால் கவலையாகக்கூட இருக்கும். ஆனால் எடை மிஷின் பக்கம் அதற்குப் பிறகு நான் போகவில்லை. ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை வாசல், எங்கே பார்த்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

போன மாதம் தப்ப முடியவில்லை. சர்க்கரை அதிகம் என்று என் பெண் குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நர்ஸ் சின்னப் பெண், விடவே இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறச் சொன்னாள். என் பெண் வெளியே பில் போட்டுக்கொண்டிருந்தாள், அறையில் நானும் நர்சும் மட்டும்தான். ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னா சார் இது, நூத்திப் பதினேழு காட்டுது, பேட்டரி போயிருக்கும்" என்று முனகிக்கொண்டே அவள் கீழே குனிந்தாள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலைப் பார்க்க வேண்டும் இல்லையா, அதற்காக.

பிறகு கீழேயிருந்து அவள் சொன்னாள்: "சார், வலது கால் கட்டைவிரல்ல நகம் பாதிதான் கீது. கோணலா, கறுப்பா. எப்ப அடிபட்டுச்சு?"

என் பத்து விரலிலும் நகம் நன்றாக இருக்கிறது. வேண்டுமானால் இப்போதே செருப்பைக் கழற்றிக் காட்டுகிறேன். அந்த மிஷின் மேலேயே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அந்தத் துணிக்குள் இருந்தது யார் என்று எனக்குத் தெரியாமல் வைத்திருந்தேனே, அது. ஒரு கண்ணைத் திறந்திருந்தால் போதும்.

"ரொம்ப வருஷம் ஆச்சும்மா. எடைக்கல் விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே இறங்கினேன்.